நனைந்த கை

அந்த டெய்லர் தன் மகளுக்குத் தைத்த கவுன்கள் எல்லாவற்றிலும் வலது கை, இடது கையைவிட இரண்டு இன்ச் நீளமாக இருந்தது. வெட்டும்போதே அப்படித்தான் வெட்டுவார். துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே வருபவர், வலது கைக்கு வந்ததும் டேப்பை இரண்டு இன்ச் கீழே இறக்கிவிடுவார். யாராவது கேட்டால் வளர்கிற பிள்ளைதானே என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்து வைத்திருந்தார். ஒரு கை மட்டும் வளருமா என்று எதிர்க்கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை.

மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரோரமாகவே நடப்பாள். கையில் அகப்பட்டதை இழுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேர்த்து வைப்பாள். கோபம் வந்தால் கடித்துவிடுவாள். நாள் நிறைவதற்கு ஏழு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்ட குழந்தை. பிறந்த வேளையில் மூளையில் ஓர் இடத்தில் லேசாக அடிபட்டிருக்கிறது, வலது கைக்கு உத்தரவு போடுகிற இடம் அது என்று டாக்டர் சொன்னார். புத்திக்கு ஒரு குறையும் கிடையாது. வலது பாதம் கொஞ்சம் நுனியில் நிற்கும், அவ்வளவுதான். கைதான் பெரிய கவலை. கட்டைவிரலை உள்ளே விட்டு மற்ற நான்கு விரல்களும் அதைப் பொத்திக்கொண்டே இருக்கும், யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல. பழக்கினால்தான் அந்தக் கை கற்றுக்கொள்ளும், சும்மா விட்டால் தான் ஒரு கை என்பதையே மறந்துவிடும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு மரப் பலகையும் சின்னச் சின்ன முளைகளும் கொடுத்தனுப்பினாள். முளையை எடுத்துத் துளையில் செருக வேண்டும். காலையும் மாலையும் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரிக்க வேண்டும். பலகையை எடுக்கிற சத்தம் கேட்டாலே கட்டெறும்பு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். முதல் வாரம் டெய்லரும் முயன்று பார்த்தார். எவ்வளவு சின்ன ஊசியாக இருந்தாலும் ஒரே தடவையில் நூல் கோர்த்துவிடும் விரல்கள் அவருடையவை. அந்தச் சின்ன முஷ்டியைத் தொட்டதும் அவை கட்டைபோல் ஆகிவிட்டன. பிறகு அந்த வேலை மனைவியுடையது என்று ஆகிப்போனது. அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். கவுன் தைத்தார்.

மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. அந்தக் கோடையின் தொடக்கத்தில் அவளை மாலை ஷிஃப்டிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். பகலில் குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் மழலையர் பள்ளி நடந்துகொண்டிருந்தது. மனைவியே போய் விசாரித்துச் சேர்த்துவிட்டு வந்தாள். முதல் நாள் காலையில் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். மத்தியானம் அழைத்துவரப் போனவர் டெய்லர்.

வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. கூடத்தில் குட்டிக் குட்டிச் செருப்புகள் மட்டும் கிடந்தன. பின்பக்கமிருந்து சலசலவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டார். சிமெண்ட் போட்ட பெரிய முற்றம். வெயிலில் வரிசையாக நான்கு அகலத் தொட்டிகள். பக்கத்துச் சுவரில், வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை ஏணிபோல் சாய்த்துச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஊற்றிய தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசியில் ஒரு வாளியில் விழுந்தது. ஒரு குழந்தை வடிகட்டியால் பாட்டில் மூடிகளை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, பெயிண்டர்கள் வைத்திருக்கும் அகலப் பிரஷைத் தண்ணீரில் முக்கி, சுவர் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அடித்த இடம் கறுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தது. அந்தக் குழந்தைக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

கட்டெறும்பு கடைசித் தொட்டியில் இருந்தாள். தொட்டியின் பக்கத்தில் என்று சொல்ல முடியாது, பாதி உள்ளேதான் இருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நீளமான வலது கைத்துணி நனைந்து, முஷ்டியை மூடி, நாக்குபோல் தொங்கியது.

டெய்லர் போய் அவளைத் தூக்கினார். அவருடைய சட்டையும் நனைந்தது. சளி பிடிக்கிற குழந்தை, டாக்டர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார், படிக்க அனுப்பினால் இப்படித் தண்ணீரில் ஊறப் போடுவதா என்று அங்கே நின்றிருந்த டீச்சரிடம் கேட்டார். டாக்டர் சளியைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும்.

டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெடுநெடுவென்ற உயரம், முழங்கால்வரை மடித்துவிட்ட பேன்ட், கழுத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள். காலை ஏழு மணிக்கே தொட்டிகளை நிரப்பி வெயிலில் வைத்துவிடுவதாகவும், குழந்தைகள் தொடும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்றும், ஆளில்லாமல் ஒரு நிமிஷம்கூடத் தொட்டிப் பக்கம் விடுவதில்லை என்றும் சொன்னாள். பிறகு அந்த நனைந்த கைத்துணியைப் பிழிந்தாள். பிழிந்தவள் இடது கையையும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்கதான் தைச்சதா தம்பி? தையல் ரொம்ப நேர்த்தியா இருக்கு. ஆனா இந்தக் கையை மட்டும் கொஞ்சம் குறைச்சுடுங்க. தண்ணிக்குள்ள போனா துணிதான் முதல்ல போகுது. கைக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குது."

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த மூன்று நாள் கட்டெறும்பைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கடையிலேயே வைத்துக்கொண்டார். மனைவியிடம் குழந்தை தும்மியது என்று சொன்னார். கடை ஒடுக்கமானது. மெஷின், வெட்டும் மேஜை, முகக்கண்ணாடி, துணி மாட்டும் கம்பி, இவற்றுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கலாம். கட்டெறும்பு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, பட்டன் டப்பாவைத் திறந்து, ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் பட்டன்களைக் கொட்டினாள். எல்லாம் இடது கையால்தான். வலது கை கைத்துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பட்டன்கள் விழுகிற சத்தத்தை அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, இது இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கொட்டினாள்.

மூன்றாம் நாள், பேன்டை இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு பஸ் கண்டக்டர் வந்திருந்தார். மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, தண்ணி வீட்டுக்குப் போலாம்."

கண்டக்டர் குனிந்து பார்த்து, இந்த வயசிலேயேவா என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதற்குத் தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டெய்லரும் கூடச் சிரித்து வைத்தார். கண்டக்டர் போன பிறகும் குழந்தை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மணி கேட்பவர்போல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுவிட்டு, பட்டன்களிடம் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அவள் வரும்போது பிஸ்கட் வாசனையும் கூட வரும். தும்மல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் மெஷினை மிதித்துக்கொண்டே, பரவாயில்லை என்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் ஈரம் பட்டுச் சுருங்கிப்போன கவுனைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீவினாள். ஒன்று மற்றதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"நானும் இத்தனை நாளா பார்த்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள். "ஊர்க் கண்ணுக்காக நீங்க இதை நீளமா தைக்கல. உங்க கண்ணுக்காகத்தான் தைக்கிறீங்க."

மெஷின் நின்றுவிட்டது. அவள் கவுனை மடித்து வைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து, வீட்டுக்குப் போகலாம் வா என்று குழந்தையைக் கூப்பிட்டாள். அவர் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே நடந்தார். தெரு நெடுக, முன்னால் போகிற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே போனார். மனைவி பிடித்திருந்தது குழந்தையின் வலது கையை. முஷ்டியையே ஒரு கைப்பிடிபோல் பிடித்துக்கொண்டு, எப்போதும் அப்படித்தான் நடக்கிறவள்போல் நடந்தாள். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறாள். தான் எப்போதும் இடது பக்கம் போய் நின்றுகொள்வது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவரே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டது வீணாய்ப் போயிற்று. டீச்சர் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. அவரைப் பார்த்ததும், நல்லவேளை வந்தீர்கள் என்று சொல்லி முற்றத்துக்கு அழைத்துப் போனாள். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, பத்து மணிக்குமேல் பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை, முற்றத்துக்கு மேலே கட்ட ஒரு துணிப் பந்தல் வேண்டும், துணி ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன், தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி. அவ்வளவு துணியைக் கடைக்குள் விரிக்க வழியில்லை. அங்கேயே வந்துதான் தைக்க வேண்டும்.

அப்படித்தான் அவர் தன் பழைய கை மெஷினைத் தூக்கிக்கொண்டு, மத்தியான நேரங்களில் அந்தப் பின்வாசலில் உட்கார ஆரம்பித்தார். துணி வெளிர் நீலம். மடி மீதும் தரை மீதும் அது அலை அலையாகக் கிடந்தது. ஒரு நீளத்தைத் தைத்து முடித்து நிமிர்ந்தால், கண்ணெல்லாம் நீலமாக இருக்கும். அந்தக் கண்ணோடு முற்றத்தைப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. தண்ணீர் குழாய்த் துண்டுகளில் இறங்குவதும், சொட்டுவதும், குழந்தைகளின் பேச்சும் ஒன்றாகக் கலந்து, தூங்கப் போகும் முன் பக்கத்து அறையில் கேட்கிற பேச்சுபோல், அர்த்தம் இல்லாமலேயே புரிந்தது. தொட்டித் தண்ணீரில் பட்ட வெயில் சுவரில் போய் நெளிந்தது. ஒரு குழந்தை அந்த வெளிச்சத்தையே தொட்டிக்குள் அள்ளிப் போடப் பார்த்தது.

முதல் இரண்டு நாள், கட்டெறும்பு அவர் இருப்பதையே கவனித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே வந்து அவர் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் மறந்துவிட்டாள்.

அன்றுதான் அவர் அதைப் பார்த்தார். அவள் தொட்டியின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் தோள்வரை தண்ணீருக்குள் விட்டிருந்தாள். பள்ளியில் உதவிக்கு இருந்த ஆயா கைத்துணியைச் சுருட்டி மேலே செருகிவிட்டிருந்தாள். தண்ணீரின் மேல் ஒரு சிவப்பு மூடி மிதந்தது. இடது கையால் அதைப் பிடிக்கப் போனால் அலை அதை வலப்பக்கம் தள்ளிவிட்டது. வலப்பக்கம் துரத்தினால் திரும்ப வந்தது. அவள் அவசரப்படவில்லை. வாயைத் திறந்துகொண்டு, அந்த மூடியோடு ஏதோ ரகசியம் பேசுகிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெதுவெதுப்பான தண்ணீருக்கடியில், அவள் கவனிக்காமல் விட்ட வலது கை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விட்டது. முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது. பிறகு அடுத்தது. கட்டைவிரல் வெளியே வந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாததுபோல் தண்ணீரில் நின்றது. உள்ளங்கை தெரிந்தது. மூன்றரை வருஷமாக மூடியே இருந்த உள்ளங்கை மற்றதைவிட வெளுப்பாக இருந்தது.

டெய்லர் எழுந்துவிட்டார். மடியிலிருந்த துணி சரிந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். தோளில் ஒரு கை அழுந்தியது. டீச்சர் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"கூப்பிடாதீங்க தம்பி" என்றாள் மெல்லிய குரலில். "கூப்பிட்டா அவளுக்குக் கை ஞாபகம் வந்துடும்."

அவர் உட்கார்ந்தார். அலை மூடியை வலப்பக்கம் கொண்டுவந்தது. திறந்திருந்த விரல்கள் அதன்மேல் பட்டன. பிடிக்கவில்லை, இடித்தன, அவ்வளவுதான். மூடி குப்புறக் கவிழ்ந்து மூழ்கியது. கட்டெறும்புக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. இடது கையால் அதை எடுத்து மறுபடி மிதக்கவிட்டாள்.

அந்த மத்தியானம் அவர் தைத்ததையெல்லாம் மறுநாள் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு முழ நீளத்துக்குத் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து கவுன்களை எல்லாம் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். பதினொன்று இருந்தன. கத்திரியை எடுத்து ஒவ்வொன்றின் வலது கையையும் வெட்டினார். இரண்டு கையும் ஒரே அளவாக இருந்தால் போதுமா என்று மனைவியிடம் கேட்டார். முழங்கைக்கு மேலே போகட்டும், இரண்டுமே என்றாள் அவள். இடது கைகளையும் வெட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் மடித்து ஊசி குத்திக் கொடுக்க, அவர் தைத்துக்கொண்டே போனார். கட்டெறும்பு வெட்டிப் போட்ட துணி வளையங்களை ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள்.

பந்தல் கட்டிய பிறகும் டெய்லர் முற்றத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கடையை மத்தியானம் ஒரு மணி நேரம் மூடினார். சாப்பிடப் போயிருப்பார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டார்கள். நீலத் துணி வழியாக இறங்கிய வெளிச்சத்தில் முற்றமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அவர் அந்த விளையாட்டைப் படித்தார். டீச்சர் எதையும் சும்மா வைத்திருக்கவில்லை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. குழாய் ஏணியின் முதல் துண்டு, குழந்தைகள் எட்டிப் பார்த்து ஊற்ற வேண்டிய உயரத்தில் இருந்தது. தரையில் சாக்பீஸால் வளைந்து வளைந்து ஒரு கோடு. வாளியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். நடக்கும்போது நுனியில் நிற்கிற பாதமும் வேறு வழியில்லாமல் ஊன்றியது. கட்டெறும்பின் தொட்டியில் மட்டும் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு ஜாடி இருந்தது. நிரப்பினால் ஒரு கையால் தூக்க முடியாத கனம். வேண்டுமென்றேதான் அப்படி என்றாள் டீச்சர். வலது கையை வா என்று கூப்பிட்டால் வராது, இடது கை போய்க் கூப்பிட்டால் வரும் என்றாள்.

எல்லாம் நேர்க்கோட்டில் நடந்துவிடவில்லை. ஜாடி நழுவிக் காலில் விழுந்தது. ஒருநாள் கட்டெறும்பு தன் வலது கையைத் தானே இடது கையால் நாலு அடி அடித்துவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவர் தூக்கப் போகவில்லை. போகாமல் இருந்தது, பதினெட்டு அடித் துணியைத் தைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முற்றத்தில் எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டு திரிந்த ஒரு குழந்தை இருந்தாள். அவளுக்குத் தலைவி என்றே பெயர். அவள் போய்க் கட்டெறும்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உன் கை ஏன் தூங்குது என்று விசாரித்தாள்.

"அது தண்ணியில முழிச்சுக்கும்" என்றாள் கட்டெறும்பு.

தலைவிக்கு அது நியாயமாகப் பட்டது. அப்படியென்றால் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று அதட்டி, தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாக் குழந்தைகளும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து விளையாடினார்கள். கட்டெறும்பின் பாதி திறந்த முஷ்டிக்குள் அது நுழையவில்லை, நுழைந்தாலும் நிற்கவில்லை. டெய்லர் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட் தைக்கும்போது தோளில் வைக்கிற ஸ்பாஞ்சு கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. அதை வெட்டி, சுருட்டி, மெல்லிய துணியில் உறை போட்டுக் குட்டித் தலையணைகள் தைத்தார். முதலாவது விரல் கனம், சுருங்கிய கைக்குள் தானாகப் போய் உட்காரும். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். தண்ணீரில் போட்டால் ஊறி உப்பி, உள்ளேயிருந்து விரல்களை மெல்லத் தள்ளும். மகளின் கையை அளவெடுக்க, பலகையோடு முயன்ற அந்த முதல் வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முஷ்டியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். டேப்பை விரல்களைச் சுற்றி விட்டபோது அவளுக்குக் கூச்சம் எடுத்தது. சிரித்துக்கொண்டே நெளிந்தாள். அவருடைய விரல்கள் அன்று கட்டையாகவில்லை.

முதல் தலையணையை அவள் பிழிந்தபோது மூன்று சொட்டு விழுந்தது. மூன்றையும் அவள் எண்ணிச் சொன்னாள். வாரக் கடைசிக்குள் மற்ற குழந்தைகளும் கேட்டு நச்சரித்து, அவர் ஒரு டஜன் தைக்க வேண்டியதாயிற்று. யானை மாதிரி, மீன் மாதிரி என்று ஒவ்வொருவரும் ஆர்டர் கொடுத்தார்கள். தலைவி தனக்கு வாலும் வேண்டும் என்றாள். எதற்கு வால் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு பேனாவை நீட்டினார். கட்டெறும்பு இடது கையால் வாங்கிக்கொண்டாள். இன்னொன்றை நீட்டினார். அவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள், தன் வலது கையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கை எழும்பி வந்தது. விரல்கள் ஒரே நேரத்தில் இல்லாமல், ஒன்று சொல்லி மற்றது கேட்பதுபோல் பிரிந்தன. பேனாவைச் சுற்றிக் கோணலாக மூடிக்கொண்டன.

டாக்டர் குறித்துக்கொண்டார். எந்தப் பயிற்சியில் இவ்வளவு முன்னேற்றம் என்று கேட்டார். மனைவி டெய்லரைப் பார்த்தாள். தண்ணீரில் விளையாடுகிறாள் என்று அவர் சொன்னார். அதையே தொடரச் சொன்ன டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது உதவிக் கையாகத்தான் இருக்கும், எழுதுவதும் சாப்பிடுவதும் இடது கைதான், ஆனால் தாளைப் பிடிக்கும், பட்டன் போடும்போது துணியைப் பிடிக்கும், மற்ற கைக்குத் துணையாக நிற்கும். டெய்லருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பஸ்ஸில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். தைக்கும்போது ஊசியைப் பிடிக்கிற கை ஒன்று. துணியைப் பிடித்துக் கொடுக்கிற கை இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அந்த இன்னொன்றைப் பற்றி அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அது இல்லாமல் ஒரு தையல்கூடப் போட்டதும் இல்லை.

கோடை முடிகிற சமயம் அது. ஒரு மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படியே கண் அசந்துவிட்டது. பந்தல் காற்றில் மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. தூக்கத்துக்குள்ளும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தான் எங்கோ ஓர் ஆற்றில் மல்லாந்து மிதந்துகொண்டு போவதாகவும், கரையில் யாரோ மெஷின் மிதிப்பதாகவும், அந்த வேலை தன்னுடையது இல்லை என்று நிம்மதியாக இருப்பதாகவும் தோன்றியது. அப்போது கால் குளிர்ந்தது.

கண்ணைத் திறந்தார். கட்டெறும்பு முன்னால் நின்றிருந்தாள். இரண்டு கைப்பிடி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு நடுங்கியது. தொட்டியிலிருந்து அவர்வரைக்கும் தரையில் ஈரக் கோடு ஒன்று வளைந்து வளைந்து வந்திருந்தது. பாதித் தண்ணீரை அதிலேயே சிந்தியிருப்பாள். மீதியைத்தான் அவர் வலது காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

"நீ தூங்கிட்டியா அப்பா?"

"ஆமா, தூங்கிட்டேன்" என்றார்.

அவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். காலி. இன்னொரு காலைக் காட்டி, அது காய்ந்துபோய் இருக்கிறது, இங்கேயே இரு, எங்கேயும் போய்விடாதே என்று உத்தரவு போட்டுவிட்டு, ஜாடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்து நடந்தாள்.

டெய்லர் இடது காலின் பேன்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.